நிறைகோலில் ஒரு விரல்

நல்லாசிரியரைத் தேடி மாணாக்கர் செல்வது பழைய மரபு. மாணாக்கர்க்கு ஆசிரியரைத் தேடித் தரும் பொறுப்பு, அத்தொழிலையே அறியாத நம்போன்றோர் தலையில் வந்து விழுவது இக்கால வழக்கம். 2023ஆம் ஆண்டு கோடையில் அத்தகைய பொறுப்பொன்று நமக்கு வாய்த்தது. நாகபுரியில் மகளிர் கல்லூரி ஒன்றின் மென்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு ஒன்று அமைந்தது. அதில் பெற்றோர் சார்பில் நாமும் ஓர் உறுப்பினராக அமர்ந்தோம். அங்கே நாம் செய்த பிழையையும் அது நமக்குக் கற்பித்ததையும் சங்கத்து அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பந்து என்பது ஆங்கிலத்தில் சாஃப்ட்பால் எனப்படும் ஆட்டம். கிரிக்கெட்டு ஒன்றையே ஆட்டமெனக் கொண்டாடும் நம்மவர் பலர்க்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். 1887ஆம் ஆண்டு சிகாகோ நகரில், படகுக் கழகம் ஒன்றின் கூடத்திற்குள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கோலை மட்டையாகவும் கொண்டு வேடிக்கையாகத் தொடங்கிய ஆட்டம் இது. இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவுள்ளது. மென்மை பெயரில்தான்; கையில் பட்டால் கல். அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்திற்கு ஏழு சுற்றுகள், தளத்திற்குத் தளம் 60 அடி. பந்தை மேலிருந்து எறியலாகாது. கையைக் காற்றாலைச் சிறகுபோல் ஒரு முழு வட்டம் சுழற்றிக் கீழிருந்தே வீசவேண்டும். மகளிர் ஆட்டத்தில் வீசும் தொலைவு 43 அடி. வல்லவர் வீசிய பந்து மட்டையாளரை அடைய அரை நொடியும் ஆவதில்லை.

மராட்டிய மாநிலத்தில் இவ்வாட்டத்திற்கு நல்ல செல்வாக்கு உண்டு. விதர்ப்பப் பகுதியில் உடற்கல்விக்கு நெடிய மரபும் உண்டு. அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் 1914ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நம் மகள் மட்டையும் கையுறையுமாக வீடு திரும்பியபோது, அண்டை வீட்டு மராத்தியர் வியக்கவில்லை, நாமே வியந்தோம். இரண்டாம் ஆண்டில் அவள் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் ஆனாள். அதன்பின் வியப்பு பெருமிதமாயிற்று. கரிசல் மண்ணின்மேல் செந்நிறச் சரளை கொட்டிச் சமன்செய்த அத்திடலின் சுற்றுச்சுவர் அருகே, மாலைதோறும் அலுவலகப் பையுடன் நின்று பார்ப்பது நம் வழக்கமாயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகள் அவ்வணியை வளர்த்த முதிய பயிற்றுநர் 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முழங்கால் நோவால் விலகினார். புதியவர் வரும்வரை, அவரிடமே ஆடிக் கற்ற முன்னாள் மாணவி ஒருவர் பொறுப்பேற்றார். இருபத்தேழு வயது. ஆடிய காலத்தில் அவர் கேட்சர். அதாவது மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிப்பவர். ஏனைய எண்மரும் உள்நோக்கி நிற்க, அவர் ஒருவரே முழுத் திடலையும் எதிர்நோக்கியிருப்பவர். வீராங்கனையர் அவரைத் 'தாயி' என்று அழைப்பர். மராத்தியில் அச்சொல்லுக்கு அக்காள் என்பது பொருள். நம் செவிக்கோ அது வேறொரு சொல்லாகவே கேட்கும்.

பொறுப்பேற்ற மூன்றாம் வாரத்தில் அவர் செய்த முதல் மாற்றம், நம் மகளைப் பந்துவீச்சிலிருந்து நீக்கி இரண்டாம் தளக் காவலுக்கு அனுப்பியது. காரணம் நமக்குச் சொல்லப்படவில்லை. மகளைக் கேட்டோம், "தாயி சொன்னார், செய்கிறேன்" என்றாள். சுவர் அருகே நின்ற நமக்கு அன்று முதல் அத்திடல் கசந்தது.

இந்நிலையில்தான் குழு அமைந்தது. கல்லூரி முதல்வர், உடற்கல்வி இயக்குநர், கணிதப் பேராசிரியை ஒருவர், பெற்றோர் இருவர். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலங்கழித்தவர் என்பதால், விண்ணப்பங்களை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதும் பணி நம்மிடம் வந்தது. மனத்துள் மகிழ்ந்தோம்.

வந்த விண்ணப்பங்கள் மூன்று. ஒருவர் படையில் உடற்பயிற்சி கற்பித்து ஓய்வு பெற்றவர். இவ்வாட்டத்தில் பழக்கமில்லை என்று அவரே எழுதியிருந்தார். எஞ்சியவர் இருவர். முன்னவர் ஐம்பத்தைந்து வயதினர். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயம் பெற்றவர். வேறு நகரில் இருபதாண்டு பயிற்றுவித்தவர். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் பதக்கம் கண்டவர். பின்னவர் தாயி, ஆறு வாரச் சான்றிதழும் மூன்று மாத அனுபவமுமே அவருக்கு உண்டு.

நாம் ஓர் அட்டவணை வகுத்தோம். கல்வித் தகுதிக்கு 40, பயிற்றுவித்த ஆண்டுகளுக்கு 40, வென்ற பதக்கங்களுக்கு 20. கூட்டிப் பார்த்தபோது முன்னவர் 86, தாயி 23. எண்கள் பேசியபின் மனிதர் பேசுவானேன் என்று எண்ணினோம்.

குறிப்புக்கு வலுச்சேர்க்க, இவ்வாட்டம் பிறந்த அமெரிக்க நாட்டில் பயிற்றுநரை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதையும் படித்தோம். கல்வியில் ஆண் பெண் வேற்றுமை கூடாது என்று 1972இல் அங்கே சட்டம் வந்தபின், மகளிர் விளையாட்டுக்குக் கல்லூரிகள் பொருள் ஒதுக்கின. 1982 முதல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கழகம் மகளிர் மென்பந்துக்குத் தேசியப் போட்டி நடத்துகிறது. அரிசோனாப் பல்கலைக்கழகம் மைக் கேண்ட்ரியா என்பாரை ஈராண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைத்தது. 1986 முதல் அங்கே பயிற்றுவித்த அவர் எட்டுமுறை தேசியப் பட்டம் வென்று 2021இல் ஓய்வு பெற்றார். ஓக்லகோமாப் பல்கலைக்கழகமும் 1995ஆம் ஆண்டின் ஆட்டங்களுக்காகப் பேட்டி கேசோ என்ற பெண்மணியை அத்தகைய ஈராண்டுக் கல்லூரியிலிருந்தே அழைத்தது. தொடக்கத்தில் அவருடைய அணிக்குச் சொந்தத் திடல்கூட இல்லை. நகரப் பூங்காவில் ஆடினர். 2000இல் முதற்பட்டம், 2024 வரை மொத்தம் எட்டு, அவற்றுள் 2021 முதல் தொடர்ந்து நான்கு. இவ்விருவரும் வேறிடத்தில் பயிற்றுவித்துத் தேர்ந்து வந்தவர்கள் என்பதை நம் குறிப்பில் அழுத்தமாக எழுதினோம்.

அதே ஏட்டில் வேறு சிலவும் இருந்தன. கேண்ட்ரியாவின் இடத்திற்கு அரிசோனா தேர்ந்தது, அவரிடமே ஆடி 2006, 2007ஆம் ஆண்டுகளின் பட்டங்களில் பங்குகொண்ட கெய்ட்லின் லோ என்ற மாணவியை. தலைமை ஏற்ற முதல் ஆண்டிலேயே, 2022இல், அவர் அணியைத் தேசியப் போட்டியின் இறுதிக் கட்டத்திற்கு இட்டுச் சென்றார். கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாரன் பேக்கஸ் வளர்த்த மாணவி சூ என்குவிஸ்ட் பயிற்றுநரானார். 2007 முதல் அவ்விடத்தில் இருப்பவர் கெல்லி இனோவே பெரஸ். அவரும் அவ்வணியில் ஆடியவரே. ஆடிய காலத்தில் கேட்சர். இவற்றையும் படித்தோம், ஆனால் எழுதவில்லை. இடமில்லை என்று நம்மையே சமாதானப்படுத்திக்கொண்டோம். குறிப்பின் இறுதியில் ஒரு வரியும் சேர்த்தோம்: 'பின்னவர் மணமாகாத இளம்பெண், திருமணத்திற்குப்பின் பணியில் தொடர்வார் என்பதற்கு உறுதியில்லை.'

குழு கூடுமுன், இருவரும் அணிக்கு அரைமணி நேரம் பயிற்சி அளித்துக் காட்டவேண்டும் என்று முதல்வர் பணித்தார். மூத்தவர் திறமையில் குறைந்தவர் அல்லர். பத்து நிமிடத்தில் மூன்று பெண்களின் மட்டைப் பிடியைத் திருத்தினார்; திருத்தியதும் அடி வேறாக விழுந்தது. நாம் தலையசைத்து மகிழ்ந்தோம். தாயி அணியில் இடம் பெறாத பெண்களையே முதலில் அழைத்தார். தளத்தை நோக்கிச் சறுக்கி விழ அஞ்சிய சிறுபெண் ஒருத்தியோடு தாமும் சரளையில் சறுக்கிக் காட்டினார். அரைமணியில் பாதி அவ்வொருத்திக்கே போயிற்று. நேரத்தைப் பகுத்தளிக்கத் தெரியாதவர் என்று குறித்துக்கொண்டோம்.

அன்றிரவு குறிப்பின் தூய படி நம் உணவு மேசைமேல் கிடந்தது. தண்ணீர்க் குவளையை எடுக்க வந்த மகள் கண்ணில் இறுதி வரி பட்டது. நின்று படித்தாள். "அப்பா, நாளைக்கு நான் விண்ணப்பம் போட்டால் எனக்கும் இப்படித்தான் எழுதுவார்களா?" என்று கேட்டாள். விடையளிக்க நமக்கு நா எழவில்லை.

பின்பு அவளே சொன்னாள். சனவரித் திங்கள் முதல் அவளுக்கு வலத்தோளில் நோவு. மண்டலப் போட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களையும் முழுமையாக அவளே வீசியிருந்தாள். பாட்டியின் தைலத்தை இரவில் தடவிக்கொண்டு மறைத்தாள். வீட்டில் தைல மணம் வீசியதை நாம் அறிவோம். தாயாரின் கால்வலி என்றே எண்ணியிருந்தோம். முதிய பயிற்றுநரும் அறியவில்லை. தாயி ஒருவரே கண்டுகொண்டார். பந்து வேகம் குறைந்ததைக் கண்டு அன்று. அவள் தண்ணீர்க் குப்பியை இடக்கையால் தூக்குவதையும், அவிழ்ந்த தலைமுடியை ஒற்றைக் கையால் முடிவதையும் கண்டு.

"ஏனம்மா எங்களிடம் சொல்லவில்லை?" என்றாள் நம் மனைவி.

"உங்களிடம் சொன்னால் ஆட்டமே வேண்டாம் என்பீர்கள். அப்பா தினமும் சுவரோரம் வந்து நான் வீசுவதைப் பார்க்கிறார். எப்படிச் சொல்ல? தாயிதான், வீட்டில் நீயே சொல்லும்வரை நான் சொல்லமாட்டேன். ஆனால் அதுவரை உன் கையில் பந்தும் தரமாட்டேன் என்றார்."

கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, தோளுக்குத் தீங்கில்லை என்பது இவ்வாட்டத்தில் நெடுநாள் நிலவிய நம்பிக்கை. மேலிருந்து எறிவோரின் தோளில் விழும் சுமைக்கு ஏறத்தாழ நிகரான சுமை இதிலும் விழுகிறது என்று ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். ஆயினும் ஒருத்தியையே நாள்முழுதும் வீசவைக்கும் வழக்கம் எளிதில் ஒழிவதில்லை. நல்ல வீச்சாளர் ஒருத்தி கிடைத்தால் கோப்பை கைக்கெட்டும் தொலைவில் தெரியும். அத்தொலைவை அளப்பவர்க்குத் தோள் தெரியாது. மூத்தவர் விண்ணப்பத்தில் இருந்த பதக்கங்களுள் எத்தனை, எந்தப் பெண்ணின் தோளில் ஏறி வந்தன என்பதற்கு நம் அட்டவணையில் பத்தியே இல்லை.

இரவு உறக்கமில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் தொடக்கத்தில் ஆசிரியர் இலக்கணம் கூறுவார். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் நல்லாசிரியர்க்கு உவமை. ஆகாத ஆசிரியர்க்கும் நான்கு உவமை உண்டு. இட்ட முறைப்படி வெளிவராத கழற்காய்க் குடம். பிறரை ஏறவிடாமல், தானாக விழுவதை மட்டுமே தரும் மடற்பனை. அடைப்பதும் எடுப்பதும் அரிதான பருத்திக் குண்டிகை. ஒருவர் நீர் ஊற்றப் பிறர் முற்றத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. மாணவப் பருவத்தில் மதிப்பெண்ணுக்காக இவற்றை நெட்டுருச் செய்தோம். ஆசிரியரை நிறுக்க அமர்ந்தவனுக்கும் நிறைகோல் வேண்டும் என்பது அன்றிரவே உறைத்தது. நாம் நிறுத்தது உண்மைதான். ஆனால் தட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தோம். தகுதி, பணிமூப்பு, பதக்கம் ஆகிய மூன்றும் மெய். அவற்றுக்கு 40, 40, 20 என்று எடை இட்டது நம் மகளைப் பந்துவீச்சிலிருந்து நீக்கிய சினம். இன்னார் வெல்லவேண்டும் என்று முடிவுசெய்தபின் வகுத்த அட்டவணை அது.

அலுவலகக் கோப்பில் ஒருமுறை எழுதிய குறிப்பைக் கிழிக்கலாகாது, அழிக்கவும் ஆகாது. பிழையெனத் தெரிந்தால் அதன்கீழ் மேலும் ஒரு குறிப்பு எழுதுவதே முறை. அம்முறையையே கைக்கொண்டோம். 'முன் குறிப்பின் தொடர்ச்சி' என்று தலைப்பிட்டு மூன்று செய்திகள் எழுதினோம். ஒன்று: குறிப்பெழுதிய உறுப்பினரின் மகள் இவ்வணியில் ஆடுகிறாள், விண்ணப்பித்தவர் ஒருவர் அவளை இடம் மாற்றியவர், அதனால் உறுப்பினர் மனத்தாங்கல் கொண்டிருந்தார். இரண்டு: மதிப்பெண் பகிர்வு அம்மனத்தாங்கலுக்குப்பின் வகுக்கப்பட்டது, அமெரிக்க எடுத்துக்காட்டுகளுள் ஒருசாரனவே தரப்பட்டன, விடுபட்டவை இத்துடன் இணைக்கப்படுகின்றன. மூன்று: திருமணம் பற்றிய வரி திரும்பப் பெறப்படுகிறது, அது எழுதியிருக்கத் தகாதது.

கூட்டத்தில் முதல்வர் அதை வாய்விட்டுப் படித்தபோது நம் செவிகள் எரிந்தன. உடற்கல்வி இயக்குநர், "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது சரி. முடிவெடுக்கும் பொழுது அறையில் இருப்பது தகாதென்று கூறி, நாமே வெளித் திண்ணைக்கு வந்தோம். அங்கே மூத்தவர் தம் அழைப்புக்காகக் காத்திருந்தார். பேச்சினிடையே, எவர் என்று குறிப்பிடாமல், தோள் நோவை மறைத்த பெண் ஒருத்தியைப்பற்றிச் சொன்னோம். சற்றுநேரம் வேப்பமரத்தைப் பார்த்திருந்தார். "தெரிந்திருந்தால் நானும் அவளை வீச விட்டிருக்கமாட்டேன். ஆனால் நான் கவனித்திருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை" என்றார். பதக்கம் பல கண்ட ஒருவர் அவ்வாறு சொல்ல எத்துணைப் பெருமனம் வேண்டும்! அவருக்கு நாம் இட்ட 86இல் இக்குணத்திற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை.

உள்ளே நடந்ததைப் பின்னர் அறிந்தோம். கணிதப் பேராசிரியை இருவரிடமும் ஒரே வினாவைக் கேட்டாராம்: "பதினைந்து பெண்களில் ஒன்பதின்மர் ஆடுவர், மற்ற அறுவரை என்ன செய்வீர்கள்?" காத்திருக்கக் கற்பதும் கல்வியே என்றார் மூத்தவர், அதிலும் நியாயம் உண்டு. தாயி ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்தாராம். அதில் அறுவர் பெயரும், ஒவ்வொருத்திக்கும் எது வரவில்லை, எது வரத் தொடங்கியிருக்கிறது என்பதும் நாள்வாரியாக இருந்தன. நால்வரில் மூவர் தாயிக்கு இசைந்தனர். ஓராண்டுப் பணி, அதற்குள் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது நிபந்தனை. மூத்தவரை மட்டைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தனர். அவர் வேறொரு கல்லூரியில் பணியேற்றுவிட்டமையால் வரவில்லை. அது அணிக்கு இழப்பே.

இதன்பின் அவ்வணி கோப்பைகளைக் குவித்தது என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவன்று. அவ்வாண்டு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதியில் ஓர் ஓட்டத்தால் தோற்றனர். நம் மகள் வீசியிருந்தால் வென்றிருக்கலாம் என்று சுவரோரம் நின்ற பெற்றோர் சிலர் நம் காதுபடவே பேசினர். நமக்கும் அவ்வெண்ணம் எழாமலில்லை. அப்பொழுது அவள் மருத்துவர் சொற்படி ஆறு திங்கள் ஓய்விலும் தோள் பயிற்சியிலும் இருந்தாள்; இரண்டாம் தளம் வரையே எறிய அனுமதி. அடுத்த ஆண்டு இரண்டு சுற்றுகள் வீசினாள். மூன்றாவதில் தாயியே பந்தை வாங்கிக்கொண்டார். நிபந்தனைப்படி மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்த தாயியின் பணி ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு வீச்சாளரும் அன்று எத்தனை பந்து வீசினார் என்று எழுதிவைக்கும் வழக்கம் அவ்வணியில் வேரூன்றிவிட்டது. நம் தேர்வு சரியானதா என்பதைக் கோப்பை வைக்கும் அலமாரியைப் பார்த்து இன்னும் சொல்ல இயலாது.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், நம் பிள்ளைகளை வேற்றுமொழி ஆசிரியர் கைகளில் ஒப்படைத்துவிட்டு அலுவலகம் செல்கிறோம். அவர்கள் யார், எங்குப் படித்தார், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெற்றோர் காணாததைக் காண்பவரா என்று கேட்கும் இடம் எந்த விண்ணப்பத்திலும் இல்லை. அதை நாமே சென்று பார்த்தறிய வேண்டும். பார்க்குமுன் தட்டிலிருந்து நம் விரலை எடுத்துவிட வேண்டும்.

மகள் 2025இல் பட்டம் பெற்றாள். இப்பொழுது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். மட்டை பரண்மேல் இருக்கிறது. காலையில் கண்ணாடிமுன் நின்று இரு கைகளையும் உயர்த்தித் தலைமுடிகிறாள். அதைக் காணும்போதெல்லாம், அவளுடைய தாயியை நாம் நன்றியுடன் நினைத்துக்கொள்கிறோம்.